பள்ளிக்கூடத்து மத்தியானம்

பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுப் போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், அவன் பழக்கிவிட்டுப் போன மத்தியானத் தூக்கம் மட்டும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. வெயில் உச்சிக்கு வந்ததும் கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். நாலு மணி வரைக்கும் ஒரு முழம் துணி வேண்டுமென்றாலும் கிடைக்காது. வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு, யாராவது பெரிய தலைவர் இறந்துவிட்டாரோ என்று விசாரிப்பார்கள். மெரின் படித்த கான்வென்ட் பள்ளியிலும் அதே நடைமுறைதான். பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தால் இரண்டு மணி வரைக்கும் கேட் திறந்து கிடக்கும். பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரும். வேனில் வருகிற பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும்.

ஊர் தூங்குகிற அந்த இரண்டு மணி நேரத்தில்தான் மெரினின் அம்மா அந்தோணிமேரியின் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தோணிமேரியின் புருஷன் சூசைநாதன் வீடுகளுக்கு பெயிண்ட் அடிக்கிறவர். எத்தனையோ மாடி, எத்தனையோ சாரம் ஏறி இறங்கிய மனுஷன், கடைசியில் வீட்டு வாசலில் நின்று பல் துலக்கும்போது விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் போயிற்று. பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தையோடு நின்றுவிட்டது. விழுங்குவதும் கஷ்டம்தான். குழைத்த சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும். ஒருமுறை பக்கத்து வீட்டு சின்னப்பாப்பா உதவிக்கு வந்து அவசரமாக ஊட்டியதில் புரையேறி, கண் செருகி, ஆஸ்பத்திரி வரைக்கும் போய் வந்தார்கள். அதற்குப் பிறகு சின்னப்பாப்பா அந்த வாசல்படியையே மிதிக்கப் பயந்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது.

அந்தோணிமேரிக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வர முடியும். நடுவில் கம்பெனி கேட் யாருக்கும் திறக்காது. ஆகவே மத்தியானம் மெரின்தான். மணி அடித்ததும் பையை வகுப்பிலேயே போட்டுவிட்டு நெல்லித்தோப்புக்கு ஓடிவருவாள். அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, ஊட்டி, வாய் துடைத்து, தான் நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுபடி ஓடுவாள். ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் ஆரம்பித்தது, இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை என்று அந்தோணிமேரி கம்பெனியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். முகத்தைப் பார்க்கத் தான் அங்கே இருந்ததில்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் பிப்ரவரியில் பள்ளியில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். அந்தோணிமேரி அரை நாள் பர்மிஷன் சொல்லி, பஸ் பிடித்து, வியர்வையோடு ஹாலுக்குள் நுழையும்போது கூட்டம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. நம் ஊரில் எந்தக் கூட்டமானாலும் பின்வரிசைதான் முதலில் நிறையும். காலியாக இருந்தது முன்வரிசை மட்டும். கூச்சத்தோடு போய் அங்கே உட்கார்ந்தாள். மேடையில் தலைமையாசிரியை சிஸ்டர் கிளாரிஸ் எதையோ பேசிக்கொண்டிருந்தார். மைக் கீச்சென்று கத்தியதில் பாதிதான் காதில் விழுந்தது. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஹால் முழுக்கக் கைதட்டியது. எந்தப் பிள்ளையாவது பரிசு கிரிசு வாங்கியிருக்கும் என்று நினைத்து அவளும் தட்டினாள். யார் பிள்ளையாக இருந்தால் என்ன, நன்றாக இருக்கட்டும் என்று கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

அந்தப் பள்ளியில் தீர்மானங்களை நிறைவேற்றும் முறை அதுதான். கை தூக்கி எண்ணுவது, கையெழுத்துப் போடுவது எல்லாம் கிடையாது. சிஸ்டர் சொல்வார், பெற்றோர் கைதட்டுவார்கள், முடிந்தது. வருஷா வருஷம் வருகிறவர்களுக்கு இது தெரியும். அந்தோணிமேரி எங்கே வருஷா வருஷம் வந்தாள்?

வெளியே டீ கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மாள் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே சொன்னாள்: “ஒரு வழியா மாத்திட்டாங்க. ஜூன்லேர்ந்து மத்தியான லீவு முக்கா மணி நேரந்தான். மூணேகாலுக்கெல்லாம் வுட்டுருவாங்க. டியூஷனுக்கு அனுப்ப நமக்கும் வசதி.”

“அப்ப வூட்டுக்குச் சாப்புட வர்ற புள்ளைங்க?”

“அதான் கேட்டையே தொறக்க மாட்டோம்னு சொன்னாங்களே. பாதுகாப்பாம். அந்தக் கோடியில ஒரு சொல்தா பெரியவர் எந்திரிச்சு, மத்தியானம் தூங்கலன்னா புள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாதுன்னு பேசினாரு. எல்லாரும் சிரிச்சோம். நீங்க லேட்டா வந்தீங்களா?”

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் அந்த ஒரு பெரியவரைத் தவிர ஹாலில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தோணிமேரி தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். இன்னும் சிவந்திருந்தன.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது அலைச்சல். முதலில் சிஸ்டரிடமே போனாள். சிஸ்டர் கிளாரிஸ் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டு, சூசைநாதனுக்காக ஜெபிப்பதாகவும் சொன்னார்.

“இது நான் தனியா எடுத்த முடிவு இல்லம்மா. பிள்ளைங்களைக் கேட்டோம், டீச்சர்ஸைக் கேட்டோம், அப்புறந்தான் கூட்டத்துல வெச்சோம். நீங்களே முன்னாடி உக்காந்து கைதட்டினீங்க. நான் பார்த்தனே.”

எதற்கென்று தெரியாமல் தட்டினேன் என்று சொல்ல அந்தோணிமேரிக்கு நாக்கு எழவில்லை. அதைச் சொல்வதற்கு, பிச்சை எடுத்துவிட்டுப் போகலாம் போலிருந்தது.

“எம் பொண்ணுக்கு மட்டும் தொறந்து வுட்டாப் போதும் சிஸ்டர்.”

“ஒருத்தருக்குத் தொறந்தா அறுநூறு பேருக்கும் தொறக்கணுமே. பெற்றோர் கழகத் தலைவர் சொன்னா யோசிக்கலாம். அவரைப் பாருங்க.”

பெற்றோர் கழகத் தலைவர் கமலக்கண்ணனுக்கு ரெட்டியார்பாளையத்தில் பெயிண்ட் கடை. சூசைநாதனின் பெயரைச் சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். “சூசை சம்சாரமா நீ? அவன் கை பட்டா சுவத்துல ஒரு கோடு தெரியாதும்மா. இப்ப எப்பிடி இருக்கான்?” என்று கேட்டுவிட்டு, பையனை அனுப்பிக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். கலரை அவள் குடித்து முடிக்கும் வரைக்கும் பிரியமாகத்தான் பேசினார். விஷயத்துக்கு வந்ததும், “நான் என்னாம்மா பண்றது? மத்த ஸ்கூலெல்லாம் மாத்திட்டான். வேன்காரனுங்க ஒரு பக்கம், டியூஷன் அனுப்புறவங்க ஒரு பக்கம், ரெண்டு பேரும் புடிச்சித் தொங்குறாங்க. கல்வி ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லட்டும், நாளைக்கே மாத்திடறேன்” என்றார்.

கல்வி அலுவலகத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர்களுக்கு முக்கால் மணி நேரக் கட்டுப்பாடெல்லாம் இல்லை போலிருக்கிறது. ஃபேன் மட்டும் நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து ஏப்பத்தோடு வந்த குமாஸ்தா அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “அது எய்டட் ஸ்கூலும்மா. பாடம் நடத்துற மணிக்கணக்கு சரியா இருந்தா எங்களுக்குப் போதும். எப்ப சோறு போடுறது, எப்ப கேட்டத் தொறக்கறதுன்னு நாங்க சொல்ல முடியாது. சிஸ்டரப் போய்ப் பாரு” என்றார்.

சிஸ்டரிடம் ஆரம்பித்தது சிஸ்டரிடமே வந்து நின்றது. பங்குச் சாமியாரிடமும் போனாள். அவர் பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமையைத் தவிர அவளிடம் வேறென்ன இருந்தது? ஒவ்வொரு நடைக்கும் அரை நாள் போயிற்று. கம்பெனி சூப்பர்வைசர் நிர்மலா முகம் கடுக்க ஆரம்பித்தாள். இத்தனைக்கும் போன இடத்தில் ஒருவர்கூடக் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் அவளை அதிகம் அலுக்க வைத்தது. யாராவது திட்டித் துரத்தியிருந்தால், வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு விட்டிருப்பாள். எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசி அடுத்த வாசலைக் காட்டினார்கள்.

ஒரு சட்டத்தை யார் மாற்றுகிறார்கள் என்று கேட்டால், மாற்றியவர் என்று ஒருவரும் கிடைப்பதில்லை. எல்லோரும் கூட நின்றவர்கள்தான். தான் கூட நின்றதோடு தட்டவும் தட்டினோமே என்று நினைக்கும்போது அந்தோணிமேரிக்கு உடம்பு கூசும்.

இந்த அலைச்சலையெல்லாம் மெரினிடம் அவள் சொல்லவில்லை. படிக்கிற பெண்ணுக்கு எதற்கு இந்தக் கவலை என்று விட்டுவிட்டாள். மெரினும் ஜூன் மாதத்துக்கு என்ன வழி என்று ஒருநாளும் கேட்கவில்லை. பெண் வாய் திறக்காததை அம்மா பொறுப்பு என்று எடுத்துக்கொண்டாள்.

காப்பாற்றியது தேர்தல். மே மாதம் சட்டசபைக்கு ஓட்டு. தெருவில் கட்சி வேலை பார்க்கும் கொளஞ்சி, சூசைநாதனைத் தூக்கிப்போக ஓட்டு நாளன்று ஆட்டோவோடு வந்து நின்றான். மற்ற நாளில் அந்த வீட்டில் ஒரு ஓட்டு படுத்துக் கிடப்பது அவனுக்கு ஞாபகம் இருந்ததில்லை.

“அக்கா, அண்ணன ஏத்துங்க. பூத்துல சேர் போட்டு வெச்சிருக்கோம்.”

அந்தோணிமேரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படியெல்லாம் நிற்கிற பெண் இல்லை. அன்றைக்கு என்னமோ நின்றுவிட்டாள். “ஏத்துறேன் கொளஞ்சி. நீ எனக்கு ஒண்ணு பண்ணணும்” என்று கதை முழுவதையும் சொன்னாள். கொளஞ்சி காதைக் குடைந்துகொண்டே கேட்டான். “ப்பூ, இவ்ளோதானா? கமலக்கண்ணன் நம்ம ஆளு. அவரு கடை முன்னாடி ரோடு போட்டதே நாங்கதான். ஆட்டோவ வெயிட்டிங்ல போடாதக்கா, ஏத்து” என்றான்.

கல்வி அலுவலகமும் சாமியாரும் செய்ய முடியாததை ஒரு ரோடு செய்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்து முதல் வாரம் அந்தோணிமேரி லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அந்த வாரக் கடைசியில் சிஸ்டர் ஆளனுப்பிப் பள்ளிக்கு வரச் சொன்னார்.

“தலைவர் போன் பண்ணினார்” என்றார் சிஸ்டர் கிளாரிஸ். “உங்க பொண்ணுக்கு மட்டும் சைடு கேட்டைத் தொறக்கச் சொல்லியிருக்கேன். ஒரு பீரியட் போகும், நான் டீச்சர்கிட்ட பேசிக்கிறேன். எந்த கிளாஸ், பேர் என்ன?”

“பத்தாவது சிஸ்டர். மெரின்.”

சிஸ்டரின் பேனா நின்றது. “கிளாஸ் லீடரா இருந்தாளே, அந்த மெரினா? ஒல்லியா, ரெட்டைச் சடை?”

“ஆமா சிஸ்டர்.”

சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “நேரம் மாத்தலாமான்னு ஜனவரியில லீடருங்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒருத்தியும் வாயைத் தொறக்கல. உங்க பொண்ணுதான் முதல்ல எழுந்தா. மாத்துங்க சிஸ்டர், அப்பதான் எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட முடியும்னு சொன்னா. எனக்கு அது மனசுல நின்னுபோச்சு. கூட்டத்துலயும் அதைத்தான் சொன்னேன். ஒரு மாணவி இப்படிச் சொன்னாள்னு சொல்லி முடிச்சதும் ஹாலே கைதட்டிச்சு. நீங்க கூட…”

சிஸ்டர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

அந்தோணிமேரி நெல்லித்தோப்பு வரைக்கும் நடந்தே போனாள். பஸ் இரண்டு மூன்று கடந்து போயின. முதலில் வந்தது கோபம். மாசக்கணக்கில் நாயாக அலைந்தேனே, பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள் ஒரு வார்த்தை சொன்னாளா என்று பற்றிக்கொண்டு வந்தது. அடுத்தது வெட்கம். ஹாலில் அத்தனை பேரும் தட்டியது தன் பெண்ணின் வார்த்தைக்கு. பெற்றவளுக்கு மட்டும் அது தெரியவில்லை. பெண்ணைக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வீட்டை எட்டும்போது இரண்டுக்குமே தெம்பில்லை.

மெரின் பள்ளி விட்டு வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் பின்தலையைத் தாங்கி, தொண்டையைப் பார்த்தபடி, நிதானமாக. பதினைந்து வயசுப் பெண்ணுக்கு அவ்வளவு நிதானம் வந்திருக்க வேண்டியதில்லை.

“சிஸ்டர் பர்மிஷன் குடுத்துட்டாங்க. சைடு கேட்டு தொறப்பாங்களாம்” என்றாள் அந்தோணிமேரி.

“சரிம்மா.”

“ஜனவரியில நீ சொன்னதயும் சொன்னாங்க.”

ஸ்பூன் அந்தரத்தில் நின்றது. சூசைநாதன் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். மெரின் அந்த வாய்க் கஞ்சியை ஊட்டி, இறங்கியதைப் பார்த்து, துண்டால் துடைத்தாள். அப்புறம்தான் பேசினாள், அப்பாவைப் பார்த்தபடியே.

“அப்பாவ நெனைக்கலம்மா அப்ப. சத்தியமா நெனைக்கல. கேட்டாங்க, சொல்லிட்டேன். வேன்ல வர்ற பொண்ணுங்கல்லாம் மரத்தடியில உக்காந்து சாப்புடுவாங்க. நான் தெனம் அவங்களத் தாண்டி ஓடுவேன். திரும்பி வந்தா ஏதோ சொல்லிச் சிரிச்சிக்கினு இருப்பாங்க. என்னான்னு கேட்டா, அது அப்பவே முடிஞ்சிபோச்சிடின்னுவாங்க.” கஞ்சியைக் கிளறினாள். “வூட்டுக்கு வந்தப்பறந்தான் அய்யோன்னு இருந்துச்சி. ஒங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சி. நான் வர்றம்மா மத்தியானம். பர்மிஷன்தான் குடுத்துட்டாங்களே.”

அந்தோணிமேரி வாயைத் திறப்பதற்குள் சூசைநாதன் முனகினார். அவருக்கு மிச்சமிருந்த சில வார்த்தைகளில் ஒன்றைத் தேடி எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“வுடு” என்றார். மறுபடியும் பெண்டாட்டியைப் பார்த்து, “வுடு. புள்ள.”

அந்தோணிமேரி மெரினின் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அந்தோணிமேரி நிர்மலாவிடம் போய், தன்னைச் செகண்ட் ஷிஃப்டில் போடச் சொன்னாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் ராத்திரி பத்துக்கு விடுவார்கள். “வயசுப் பொண்ண வெச்சிக்கினு செகண்ட் ஷிஃப்டா? யாரும் கேக்க மாட்டாங்களே” என்றாள் நிர்மலா. “அதான் மேடம், கேக்கறேன்” என்றாள் இவள். யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டதால், முதல்முறையாக அவள் கேட்டது உடனே கிடைத்தது.

சிஸ்டரிடம் போய்ப் பர்மிஷன் வேண்டாம் என்றபோது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. “இவ்வளவு அலைஞ்சீங்களேம்மா” என்றார். “ஆமா சிஸ்டர். அலைஞ்சாச்சி” என்று சொல்லிவிட்டு வந்தாள். மூன்று வருஷம் கழித்து அந்தப் பள்ளிக்கு வேறு சிஸ்டர் வந்தார், நேரத்தையும் மறுபடி மாற்றினார்கள். அதற்கும் கைதட்டியிருப்பார்கள். மெரின் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தாள்.

வீட்டில் புது ஒழுங்கு வந்தது. மத்தியானம் சூசைநாதனுக்கு ஊட்டிவிட்டு, துணி மாற்றிவிட்டு அந்தோணிமேரி கிளம்புவாள். அவள் போன பிறகு மெரின் வருவாள். அவள் திரும்பும்போது மெரின் புத்தகத்தின் மேலேயே தூங்கிப்போயிருப்பாள். காலையில் குளிக்க ஒருத்தி, அடுப்புக்கு ஒருத்தி என்று பறக்கும்போது பேசிக்கொள்ள என்ன நேரம் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், அவ்வளவுதான். பெண்ணுக்கு மத்தியானத்தை விட்டுக்கொடுத்ததற்கு, தன் சாயங்காலத்தை அவள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சில நாள் பேக்கிங் மேசையில் உட்கார்ந்து, இந்நேரம் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைக்கும்போது அந்தோணிமேரிக்கு மாத்திரை அட்டைகளின் எண்ணிக்கை தப்பிப்போகும்.

ஆகஸ்டில் ஒரு காலை. கூடத்தில் மெரின் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்தோணிமேரி முற்றத்தில் உட்கார்ந்து முந்தின நாள் டப்பாவைக் கழுவத் திறந்தாள். ஓரத்தில் கொஞ்சம் எலுமிச்சைச் சாதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் வஞ்சிர மீனின் முள் ஒன்று. நேற்று அவள் கொடுத்தனுப்பியது கத்தரிக்காய்க் குழம்பும் சோறும். கத்தரிக்காயில் ஒரு துண்டு மிச்சமில்லை.

அவள் அந்த முள்ளை விரலில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

“அம்மா, டைமாவுது” என்றாள் மெரின் உள்ளேயிருந்து.

“இதோ ஆச்சி” என்று டப்பாவைத் துலக்கி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சோற்றை வைத்து, குழம்பை எப்போதும்போல் ஊற்றினாள். அப்புறம் தனக்கென்று எடுத்து வைத்திருந்ததையும் அதிலேயே ஊற்றி மூடினாள். நாலு பேர் கை வைக்கிற டப்பா, எல்லாருக்கும் போத வேண்டுமே.